எந்தப் பக்கத்தில் மூடினான்?

கல்லடி, மட்டக்களப்பு
ஆகஸ்ட்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும், சிறுவர் புத்தகங்களுக்கு நீ எழுதிய மதிப்புரைகளின் பத்திரிகை நறுக்குகளும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. பகலில் ஜன்னலைத் திறந்தால் மேசையிலுள்ள தாள்கள் மணலோடு சேர்ந்து பறக்கின்றன, அதனால் இரவில்தான் எழுதுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மகளுக்கு அக்கரைப்பற்றுப் பக்கம் இடமாற்றம். விடியப்புறம் பஸ் ஏறுகிறாள், பொழுதுபட்டுத்தான் வருகிறாள். வீட்டுப் புதினம் இவ்வளவுதான். மதிப்புரைகள் எப்படி என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

நறுக்குகளை வாசித்தேன். உன் தமிழ் நன்றாக இருக்கிறது, எப்போதும் போல. ஆனால் நாலு மதிப்புரையையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் முடித்திருக்கிறாய்: ஒவ்வொரு சிறுவரும் கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல். எங்கள் வாசிகசாலைப் பொடியன்களிடம் கட்டாயம் என்று சொல்லிப் பார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். கதையில் நல்ல கருத்து இருக்கிறது, நட்பைப் போதிக்கிறது, இயற்கையை நேசிக்கச் சொல்கிறது என்று எழுதுகிறாய். சரி. அந்தப் புத்தகம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கடைசிப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போகுமா? அதைச் சொல்லவில்லையே.

வாசிகசாலையில் சிறுவர் அலுமாரி என் பொறுப்பில் இருப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்மட்டை உட்பக்கத்திலும் கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். கதை நல்லதா கூடாதா என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "நல்லது சேர்" என்பார்கள். முழுக்க வாசித்தாயா, இல்லையென்றால் எந்தப் பக்கத்தில் மூடினாய், ஏன்? பென்சிலால் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். அந்தத் தாள்களை ஒருநாள் நீ வந்து பார்க்க வேண்டும் மச்சான். ஒரு நாவலில் மூன்று வெவ்வேறு கையெழுத்து, மூன்றும் ஒரே அத்தியாயத்தில் நின்றுவிட்டன. "தாத்தா புத்தி சொல்லத் தொடங்கினார். நான் மூடினேன்." இது ஒரு பெண்பிள்ளை எழுதியது. எழுதிய பிள்ளை ஆரென்று எழுத்திலேயே எனக்குத் தெரியும், காட்டிக்கொள்வதில்லை. இதைவிட நல்ல மதிப்புரை உன் பத்திரிகையில் வந்ததாக எனக்கு நினைவில்லை. கோபிக்காதே.

ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997இல் வெளிவந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பல பதிப்பகங்கள் அந்தக் கையெழுத்துப்படியைத் திருப்பி அனுப்பிவிட்டன. புளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் முதல் அத்தியாயத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்திருக்கிறார். அவள் வாசித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டு நின்றாளாம். அந்தச் சின்னப் பிள்ளை சொன்னது சரியாகிவிட்டது. முதல் பதிப்பு வெறும் 500 பிரதிதான். தமிழில் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்று வந்திருக்கும் மொழிபெயர்ப்பு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதன் தாளில் ஒருவன், "பேர் எல்லாம் கஷ்டம், ஆனால் ரயில் வந்ததுக்குப் பிறகு விடவில்லை" என்று எழுதியிருக்கிறான். நீ மதிப்புரை எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும்: ரயில் வரும்வரை பொறு, பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. படம் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கஷ்டமும் குறைவு.

கிரேக்கத் தெய்வத்துக்குப் பிறந்த பொடியன் ஒருவனின் கதையான பெர்சி ஜாக்சன் வரிசை தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ரிக் ரியோர்டன் 2005இல் தொடங்கியது. அவருடைய மகனுக்கு எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் சிரமம், ஓரிடத்தில் இருந்து கவனிக்கவும் முடியாது. அந்தப் பிள்ளைக்குப் படுக்கையில் சொன்ன கதையைத்தான் பிறகு எழுதியிருக்கிறார். அதனால் கதாநாயகனுக்கும் அதே சிரமங்களைக் கொடுத்துவிட்டார். எங்கள் தரம் எட்டுப் பொடியன் ஒருவன், வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வியர்த்துப் போகிறவன், அகராதியும் கையுமாக இதைப் பிடித்துக்கொண்டு திரிகிறான். ஒரு தவணை விடுமுறை முழுக்க அதுதான் வேலை. கிரேக்கத் தெய்வங்கள் குழப்பவில்லையா என்று கேட்டேன். "பாண்டிருப்புத் திருவிழா மாதிரித்தானே சேர்" என்றான்.

அந்தப் பதில் என்னை விடவில்லை மச்சான். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் பாரதம்தான் நடக்கிறது. நம்மோடு படித்தவர்களும் கடையில் நிற்கிறவர்களும் பாண்டவராக வேடம் கட்டி வனவாசம் போகிறார்கள், கடைசியில் தீ மிதிக்கிறார்கள். வைகாசி பிறந்தால் ஊரூராகக் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு. அருச்சுனனாக வேடம் கட்டும் ஒருவரின் மகன், கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்தவன், வனவாச ஊர்வலத்தில் எதையோ பார்த்துவிடுகிறான் என்று யாராவது இருநூறு பக்கம் எழுதினால் இந்தக் கரையில் எந்தப் பிள்ளை மூடி வைக்கும்? நம் ஊரில் ஓ.கே.குணநாதன் போன்றவர்கள் சிறுவர்களுக்கென்று நிறைய எழுதியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள வயதுக்கு, கொஞ்சம் பயமும் கொஞ்சம் களவும் கலந்த நீளக் கதைகள் குறைவு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் மட்டும் படக்கதை வாசித்த பிள்ளை, அதற்குப் பிறகு எதை எடுக்கும்? ஒன்றில் ஆங்கிலம், இல்லாவிட்டால் நேரே பொன்னியின் செல்வன். 2022இல் படம் வந்த நேரம் அதைக் கேட்டு வந்தவர்கள் கனக்கப் பேர். முதலாம் பாகம் கிழியக் கிழியப் போய்வந்தது, ஐந்தாம் பாகம் இன்றைக்கும் புதுசு.

தமிழ்நாட்டில் இப்போது இந்த வயதுக்கு எழுதுகிறார்கள். சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இரண்டு புத்தகங்களைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தந்துவிட்டுப் போனார். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைச் சுற்றிய கதை. பொடியன்களுக்குப் பிடித்திருக்கிறது. மெல்லிய புத்தகம் என்பதும் ஒரு காரணம், மதிப்புரைகாரர்கள் யாரும் தடிப்பைப் பற்றி எழுதுவதில்லை. மற்றது எஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. ஒரு மரப்பொம்மை சிறுமியோடு பேசுகிறது. பிள்ளைகள் மேல் பெரியவர்கள் வைக்கும் தவறான கையைப் பற்றியது. இதை அலுமாரியில் வைப்பதா என்று வாசிகசாலைக் கூட்டத்தில் இழுபறிப்பட்டார்கள். வைத்தோம். அதன் தாளில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் புத்தகம் அலுமாரியில் தங்குவதே இல்லை.

மாட்டின் விக்ரமசிங்கவின் 'மடோல் தூவ' பற்றியும் எழுது. 1947இல் வந்த சிங்கள நாவல், தமிழிலும் இருக்கிறது. வீட்டில் அடங்காத உபாலியும் ஜின்னாவும் ஓடிப்போய்க் கொக்கலை வாவியிலுள்ள ஒரு தீவில் குடியேறும் கதை. இங்குள்ள பிள்ளைக்குக் களப்பும் கண்டல் மரமும் தோணியும் யாரும் விளக்கத் தேவையில்லை. தீவில் காடு வெட்டித் தோட்டம் செய்யும் பகுதி சப்பென்று இருக்கும் என்று நினைத்தேன். பொடியன்களுக்கோ அதுதான் ருசி! என்ன நட்டார்கள், எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நாமெல்லாம் அந்த வயதில் வாசித்த எனிட் பிளைட்டன் கதைகள் இன்று அப்படி எடுபடவில்லை. ஃபேமஸ் ஃபைவ் 1942 தொடங்கி இருபத்தொரு புத்தகம். ஒரு பிள்ளை எழுதியது: "எப்ப பார்த்தாலும் சாப்பிடுகினம்." உண்மைதானே.

இனிப் புத்தகம் தேடுகிற பாடு. டவுன் புத்தகக் கடைகளில் முன்னுக்கு இருப்பதெல்லாம் மாதிரி வினாத்தாளும் பயிற்சிப் புத்தகமும். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் பின்னுக்குப் போய்க் குனிந்து தேட வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லேன். இந்திய ரூபா ஒன்று நம் காசில் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். அதற்கு மேல் கப்பல் கூலி, கடை இலாபம். அங்கே 250 ரூபாய் போட்ட புத்தகம் இங்கே ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு ஒரு தாய் டியூசன் காசு கட்டுவாளா, கதைப் புத்தகம் வாங்குவாளா?

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளும் நாவல்களும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியதே, நினைவிருக்கிறதா? எப்படியோ வந்து சேர்ந்த ஒரு முத்து காமிக்ஸ் வகுப்பு முழுக்கச் சுற்றும், இரும்புக்கை மாயாவிக்கு மட்டை இருக்காது. ஆனால் அதே காலத்தில்தான் வீரகேசரிப் பிரசுரம் நம் எழுத்தாளர்களின் நாவல்களை வரிசையாகப் போட்டது. நம் அப்பாமார் பஸ் நிலையத்தில் வாங்கி வந்தார்கள். 2022இல் ரூபாய் விழுந்து இந்தியப் புத்தகம் எட்டாமல் போனபோது அப்படி ஏதாவது நடக்கும் என்று ஓர் ஆசை இருந்தது. நடக்கவில்லை. கடதாசி விலையும் சேர்ந்தல்லவா ஏறியது.

பழைய புத்தகம் என்றால் இந்த ஊரில் அது வேறு கதை. 1978 சூறாவளி ஒரு பங்கு கொண்டுபோனது. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் மிச்சமிருந்ததை 2004இல் கடல் எடுத்தது, எங்கள் வீட்டு அலுமாரி உட்பட. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போர்க்கால இடப்பெயர்வு எடுத்தது. ஆகவே நான் போவது பழைய இரும்பு, போத்தல், பேப்பர் வாங்குகிற கொட்டிலுக்கு. அங்கே ஒரு தம்பி எனக்காகக் கதைப் புத்தகங்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறான், நிறுத்துத்தான் தருவான். போன மாதம் வினாத்தாள் கட்டு ஒன்றின் நடுவில் பழைய மொஸ்கோத் தமிழ்ப் புத்தகம் அகப்பட்டது. தலைப்புப் பக்கம் இல்லை, ராதுகா என்ற பதிப்பகப் பெயர் மட்டும் கடைசிப் பக்கத்தில் தப்பியிருந்தது. தையல் பிரியவில்லை. படங்களின் சிவப்பும் நீலமும் நேற்று அச்சடித்த மாதிரி. ஓர் ஓரத்தை மட்டும் கறையான் வளைவாகத் தின்றிருந்தது, எழுத்தைத் தொடவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோனது, அப்படிக் கட்டின மலிவுப் புத்தகம் இனி எங்கே? வேப்பிலையும் பூச்சி உருண்டையும் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கரடிப் படத்துக்காகவே கேட்டு எடுக்கிறார்கள்.

நூலகம் இணையத்தளத்தில், 2005 தொடக்கம் அவர்கள் சேர்த்து வைத்ததில், நம் நாட்டுப் பழைய சிறுவர் புத்தகங்கள் சில கிடைக்கின்றன, காசும் இல்லை. நான் வாசிக்கிறேன். பிள்ளைகள் போனில் அந்தப் பழுப்புத் தாளைப் பார்க்க மாட்டார்கள், போனில் பார்க்க அவர்களுக்கு வேறு இருக்கிறது.

சரி, உனக்கு வேலை தருகிறேன். செப்டம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்கு நீ எப்படியும் போவாய். கடைசி நாளில் போ, விலை இளகும். வாண்டுமாமா எது கிடைத்தாலும் எடு. மடோல் தூவ தமிழில் இன்னும் இரண்டு பிரதி. ஆங்கிலத்தில் பெர்சி ஜாக்சன் இரண்டாவது, அந்தப் பொடியனுக்கு. மருதானைப் பக்கத்துப் பழைய கடைகளில் விம்பி கிட் டயரி வரிசை இருந்தால் பார். ஜெஃப் கின்னி 2007இல் புத்தகமாகப் போட்டது. பாதிக்குப் பாதி கோட்டுப் படம் என்பதால் ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் சிரித்துக்கொண்டு வாசிக்கும். இதெல்லாம் இலக்கியமா என்று நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. வாங்கு மச்சான்.

அடுத்த மதிப்புரையை எழுதுமுன் அந்தப் புத்தகத்தை உன் பேரனிடம் கொடு. அவன் எந்தப் பக்கத்தில் மூடினான் என்று முதல் வரியிலேயே எழுது. ஆசிரியர் கோபித்தால் என் பெயரைச் சொல்லு.

பார்சலை நன்றாகப் பொலித்தீனில் சுற்றி இரவு பஸ்ஸில் கொடுத்துவிடு, கல்லடிப் பாலத்தடியில் இறக்கச் சொன்னால் நான் நிற்பேன். காசை மகள் வங்கியில் போட்டுவிடுவாள். விம்பி கிட் மட்டும் இரண்டிரண்டாக வாங்கு. அலுமாரியில் வைத்த முதலாவதை எழுபதாம் பக்கத்தில் நான் நிற்கும்போது ஒரு பிள்ளை கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்