இன்னும் பதினோரு நாள், மாப்ளே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நொச்சி இலை போட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். போர்வைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி வாங்கினேன். நீ கேள்விப்பட்டது சரிதான். சென்னை மாரத்தானுக்குப் பதினோரு நாள் இருக்கிறது, எனக்குச் சளி.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு 32 கிலோமீட்டர் ஓடினேன். பெசன்ட் நகரிலிருந்து மெரினா போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு சுற்று. தெருவில் கோலம் போடுகிறவர்கள் எழுவதற்கு முன்பே கிளம்பியாயிற்று. மூன்றாம் நாள் தொண்டை கரகரத்தது. "மார்கழிப் பனியில் ஓடினால் வேறென்ன வரும்?" என்றார் அம்மா. பனி பாவம், அது என்ன செய்யும்? சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கிருமி இது. முதலில் மூக்கு ஒழுகியது அவளுக்குத்தான். ஆனால் அவ்வளவு தூரம் ஓடிவிட்டு, சரியாகத் தூங்காமல் மறுநாளே அலுவலகம் போனதில் உடம்பு தளர்ந்துதான் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தொந்தரவு கழுத்துக்கு மேலேயே நின்றால் மெதுவாக ஓடலாம், நெஞ்சுக்கு இறங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கூடாது என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதை நம்பி ஒரு நாள் 5 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் 101 டிகிரி. ஷூவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். டெங்கு காலமாயிற்றே என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். நல்லவேளை, அது இல்லை. முடிவு வரும்வரை பாராசிட்டமால் மட்டும்தான், உடம்பு வலிக்கிறதென்று புரூஃபனைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்தாம்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்பு எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது, ஆனாலும் மாரத்தானில் தங்கம் வாங்கினார் என்று எழுதியிருக்கிறாய். தெரியும்டா. 2 மணி 12 நிமிடம் 11 விநாடி, அப்போது அதுவே உலகச் சாதனை. ஆனால் குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டால் அதோடு தொல்லை போயிற்று, புண் ஆறினால் போதும். வைரஸ் அப்படியில்லை. காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் அது இதயத் தசையையே பாதிக்கலாம் என்று படித்ததிலிருந்து எனக்கு வீரம் குறைந்துவிட்டது. தவிர, அவர் பிகிலா.

நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளியோடு 28 கிலோமீட்டர் ஓடியது நினைவிருக்கிறதா? பயிற்சி அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்ற வெறி. ஒரு மாதம் இருமினேன். போட்டியன்று பாதி வழியிலேயே நடக்க ஆரம்பித்தவனைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு!

இப்போது ஏழு கட்டம் காலி. கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நாலு மாத உழைப்பு ஒரு வாரத்தில் கரைந்துவிடாது என்று புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத்தான் தெரியவில்லை. எப்படியும் போட்டிக்கு முன்னால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய வாரங்கள்தானே இவை, கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டேன், அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் 20 கிலோமீட்டர் ஓடப் போவதும் இல்லை.

காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. விடிந்ததும் எழாமல் படுத்தபடியே நாடியை எண்ணுகிறேன்: வழக்கமாக 54, காய்ச்சலில் 68 வரை போனது, இன்று 57. நாளை கடற்கரையில் 4 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். நாலேகால் மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கும் கனவை இந்த வருஷத்துக்கு மூட்டை கட்டியாயிற்று. முதல் பத்து கிலோமீட்டரில் நெஞ்சு கனத்தால் ஓரமாக ஒதுங்கிவிடுவேன், திட்டாதே.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை வரும்போது உங்கள் வீட்டுச் சுக்குமல்லிப் பொடி கொஞ்சம் எடுத்து வா. இங்கே கடையில் வாங்கியது வெறும் வெல்லம். அப்புறம், வந்ததும் கட்டிப்பிடிக்காதே. மறுநாள் நீயும் ஓட வேண்டும்.

உன்,
மூக்கடைத்த மாப்ளே