ஒரே பத்தியில் முடிந்துபோன மீமாம்சை

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த இந்தியத் தத்துவங்கள் பற்றிய கட்டுரை, வேதத்தின் சடங்கு விதிகளுக்குப் பொருள் காணும் தத்துவமான பூர்வ மீமாம்சைக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. ‘யாகம் செய்தால் சொர்க்கம் என்று நம்பியவர்கள்’ என்று சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் வேதாந்தத்துக்குத் தாவிவிட்டார். அதில் தப்பு இல்லை. ஆனால் இவ்வளவு சொல்லவா மீமாம்சையின் மூலநூலை இயற்றிய ஜைமினிக்கு 12 அத்தியாயங்கள் தேவைப்பட்டன?

மீமாம்சகர்களை வாட்டிய கேள்வி, ஒரு வாக்கியம் எப்படிப் புரிகிறது என்பதுதான். ‘சொர்க்கத்தை விரும்புகிறவன் யாகம் செய்ய வேண்டும்’ என்கிறது வேதம். வேதத்தை யாரும் இயற்றவில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்று கேட்க ஆளே கிடையாது. எது கட்டளை, எது வெறும் புகழ்ச்சி, இரண்டு விதிகள் முட்டிக்கொண்டால் எது நிற்கும் என்பதையெல்லாம் வாக்கியத்திடமே கேட்டாக வேண்டும். சடங்கில் பிசகக் கூடாது என்ற பயம்தான் அவர்களை மொழி ஆராய்ச்சிக்குள் தள்ளியது. அந்த விதிகளையே பின்னால் தர்மசாஸ்திர உரைகாரர்கள் சொத்துப் பங்கீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பெரியவர் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார்; இளையவன் கொண்டு வருகிறான். அப்புறம் ‘பசுவைக் கட்டு’, ‘குதிரையைக் கொண்டு வா’ என்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது. எது மாறினால் எது மாறுகிறது என்று கவனித்துக் கவனித்துத்தான் அது சொற்களைப் பிரித்தெடுக்கிறது. வாக்கியத்தில் மற்றச் சொற்களோடு சேர்ந்தே ஒரு சொல் பொருள் தரும் என்று மீமாம்சகர்களில் ஒருவரான பிரபாகரர் இதிலிருந்து வாதித்தார். இல்லை, சொற்கள் தத்தம் பொருளைத் தந்த பிறகே அவை கூடி வாக்கியப் பொருள் ஆகின்றன என்றார் இன்னொரு மீமாம்சகரான குமாரிலர். எனக்குப் பிரபாகரர் பக்கம்தான் சாய்வு. பேசக் கற்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

அறிவு பற்றிய வாதமும் இதே கூர்மைதான். தோன்றும்போதே அறிவு செல்லுபடியாகும், பொய் என்று பிறகு தெரிந்தால் மட்டும் தள்ளினால் போதும் என்கிறார் குமாரிலர். ஒவ்வோர் அறிவுக்கும் இன்னோர் அறிவு சாட்சி சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முடிவேது? சரி. ஆனால் வேதத்துக்குச் சொன்னவர் இல்லை, ஆகவே சொன்னவரின் குற்றமும் இல்லை என்று அவர் அடுத்த அடி வைக்கும்போது எனக்கு இடிக்கிறது. ஆள் இல்லாத சொல்லை எதை வைத்துச் சோதிப்பது?

மீமாம்சை உள்ளிட்ட ஆறு தரிசனங்களும், அதாவது வேதத்தை ஏற்கும் தத்துவப் பிரிவுகளும், கடவுளை ஏற்பவை என்று கட்டுரை சொல்வது மட்டும் பிழை. தேவதைக்கு உடம்பு இல்லை, ஆகுதியை உண்பதும் இல்லை என்கிறார் ஜைமினியின் நூலுக்கு உரை எழுதிய சபரர். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதைக் குமாரிலர் ஏற்கவில்லை. இன்று செய்த யாகத்துக்கும் என்றோ வரும் பலனுக்கும் நடுவில் இவர்கள் வைத்தது ‘அபூர்வம்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றலை.

இதற்கெல்லாம் சமஸ்கிருதம் தெரிய வேண்டும் என்றும் இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிக அளவைவாதி, சைமினி (ஜைமினிதான்) கொண்ட அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகள், ஆறு என்கிறான். அவற்றில் ஒன்றான அருத்தாபத்திக்கு, அதாவது சொன்னது பொருந்தச் சொல்லாததை ஊகிப்பதற்கு, அவன் தரும் உதாரணம்: ஆய்க்குடி (ஆயர் குடியிருப்பு) கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கைக் கரையில் என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்