சித்தப்பாவின் விரல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பனி விழுகிற காலையில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது. தங்கச்சி பரீட்சை எழுதிவிட்டாள். தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை, பணம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. போன மாதம் நீ அனுப்பியதை நான் தேயிலை ஸ்டோரில் மெஷின்களோடு ஒரு வருஷம் உழைத்தும் கண்டதில்லை. லயத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை.

நீ அனுப்பின போட்டோவைத் தங்கச்சி போனில் பெரிசாக்கிக் காட்டினாள். முதலாளிக்குப் பின்னால் நிற்கிறாய். ஆள் நல்லா இருக்கிறாய். வலது இடுப்புப் பக்கம் மட்டும் சட்டை ஒரு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. "அங்க இஸ்திரி போட ஆளில்லையா?" என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை.

நம் தோட்டத்தை நடத்தின பெரிய துரையின் பிஸ்டலைப் பற்றிச் சின்ன வயசில் உனக்குக் கதை மாதிரிச் சொல்லியிருப்பேன். இப்போது சரியாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அது பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டல் என்ற ஊரில் செய்தது, 1906ஆம் வருஷத்து மாடல். வரைந்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற அமெரிக்கர். வெள்ளைக்காரர் கோட்டுக்குள்ளே போடுகிற சின்னச் சட்டையின் பைக்குள் அடங்கவேண்டும் என்றே அளவு பார்த்துச் செய்த சாமான். நீளம் 11 சென்டிமீட்டர் சொச்சம், எடை 350 கிராமுக்குக் கொஞ்சம் கூட. கொழுந்து நிறுக்கிற தராசில் போட்டால் முள் அசைந்தது கண்ணுக்குத் தெரியாது. பிடிக்குள் செருகுகிற மகசினில் 6 ரவை, 6.35 மில்லிமீட்டர். பிடியின் கறுப்புத் தகட்டில் கம்பெனிப் பேரின் எஃப், என் என்ற இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

நான் அப்போது ஸ்டோர் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் பாஸுக்குக் கை உதவி. மெஷின் என்றால் கழற்றிப் பார்க்காமல் என் கை நிற்காது, அது உனக்குத் தெரியும். இதைக் கழற்றியபோது மலைத்துப் போனேன். பலமான ரவை போடுகிற துப்பாக்கி என்றால் வெடிக்கிற நேரம் குழலோடு அடைப்பைக் கொளுவிப் பிடிக்க ஒரு பூட்டு வேண்டும். இதில் பூட்டே கிடையாது. ரவை சின்னது, அதனால் மேலே ஓடுகிற ஸ்லைடின் பாரமும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். வெடித்ததும் வெறும் கோது பின்னால் உதைக்கும், ஸ்லைடு பின்னே போய்க் கோதை வெளியே எறியும், ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னே தள்ளும்போது மகசினிலிருந்து அடுத்த ரவை குழலுக்குள் ஏறிவிடும். வெளியே சுத்தியல் இல்லை, பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. உள்ளே ஊசி ஒன்று ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்தபடி காத்திருக்கும். பிடியின் முதுகில் ஒரு கட்டை உண்டு, உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். துரை அதைப் பாதுகாப்பு என்பார். கையில் எடுத்தாலே அது அழுந்திவிடும், தம்பி.

இதைக் கவனி. மகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று மனசு சொல்லும். குழலுக்குள் ஏறின ரவை அங்கேயேதான் இருக்கும். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி இதே பிஸ்டலை 1908இலிருந்து செய்தது. மகசின் இல்லாவிட்டால் சுடாதபடி 1916 வாக்கில் அவர்கள் உள்ளே ஒரு துண்டைச் சேர்த்தார்கள். துரையுடையதில் அது இல்லை.

பிரவுனிங் வரைந்த இன்னொரு பிஸ்டல், 1910 மாடல். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்ட பையன் கையில் இருந்தது அதுதான். அவனுக்கு 19 வயசு. கையில் கொடுத்தவன் அவனையும் தைரியசாலி என்றுதான் சொல்லியிருப்பான். பிரவுனிங் 1926இல் அதே ஹெர்ஸ்டல் பாக்டரியில், மகன் வேலை பார்த்த அறையிலேயே நெஞ்சடைத்துச் செத்தார். கடைசி நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கிறான்.

நம் இலங்கைத் துவக்குச் சட்டமும் 1916இல் வந்ததுதான், 33ஆம் இலக்கம். லைசன்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும். துரையே அதற்குப் பயப்படுவார். லைசன்ஸ் ஒருத்தர் பேரிலும் சாமான் இன்னொருத்தர் இடுப்பிலும் இருந்தால் பொலிஸ் பிடிப்பது இடுப்பைத்தான். முதலாளிமார் வெளிநாடு போய்விடுவார்கள். உனக்கு எங்கே போக இடம்?

குழலுக்குள் பார்க்கவேண்டும். மகசினைக் கழற்றினாலும் பார்க்கவேண்டும். இன்னொருத்தர் பார்த்துக் கொடுத்தாலும் திரும்பப் பார்க்கவேண்டும். மேலே எழுதிவிட்டேன், இன்னொரு தரமும் எழுதுகிறேன்.

சித்தப்பாவின் விரல் கொழுந்து உருட்டுகிற ரோலரில் போனது என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம். ரோலரில் போகவில்லை.

1974, ஆடி மாத மழை. துரை பிஸ்டலைத் துடைத்து எண்ணெய் போடச் சொல்லித் தந்தார். ராத்திரி ஸ்டோரில் கரண்ட் இல்லை. அப்போது 17 வயசான உன் சித்தப்பா எனக்கு விளக்குப் பிடித்தான். நான் மகசினைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்தேன். ஒன்று, இரண்டு என்று ஐந்து ரவை எண்ணினேன். ஆறாவது எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊசியின் ஸ்பிரிங்கைத் தளர்த்த விசையை அழுத்தினேன். சத்தம் ரொம்பச் சின்னது, பலகை முறிந்த மாதிரி. விளக்கு விழுந்தது. இருட்டில் அவன் "அண்ணே" என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரல் தோலில் தொங்கியது.

ரோலர் என்று சொல்லச் சொன்னவர் துரை. ஆமாம் என்று தலையாட்டியவன் நான். வேலை இல்லாத நேரத்தில் மெஷினில் கை விட்டான் என்று எழுதினார்கள், நட்டஈடு ஒரு சதம் கிடைக்கவில்லை. மறு மாதமே எனக்குச் சம்பளம் கூட்டினார்கள். அந்தக் காசை நான் வாங்கினேன், தம்பி. 1975இல் அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது, துரை பிஸ்டலைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அடுத்த வருஷம் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்டோடு கோத்தகிரிக்குப் போனான். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகரும்போது அந்தக் கையைத்தான் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினான். இன்று வரைக்கும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

போனில் இதெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. நீயும் எதுவும் சொல்லவேண்டாம். மாதக் காசு குறைந்தாலும் பரவாயில்லை. தெரிந்த லொறி ஓனர் ஒருத்தர் தலவாக்கலையில் டிரைவர் தேடுகிறார், உன்னைப் பற்றிச் சும்மா சொல்லி வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வா. கோச்சியில் வந்தால் எந்த நேரமானாலும் ஸ்டேஷனில் நிற்பேன். அம்மாவுக்குச் சேலை, எனக்கு ஸ்வெட்டர் என்று ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே. வெறுங்கையோடு வா.

அப்பா