இழுக்கிறதா, உசுப்புகிறதா? ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, நடுவர்களே,

புற்றுநோய்ச் செல்களின் நகர்வு பற்றி உங்கள் மேசைக்கு வரும் கட்டுரைகளில் "இந்தக் கீமோகைன் செல்லை இழுக்கிறது" என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்த வரியை ஏற்கும் முன், கீமோகைனை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வைத்தபோது என்ன ஆனது என்ற சோதனையின் முடிவைக் கட்டாயம் கேளுங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

கீமோகைன்கள் 8 முதல் 12 கிலோடால்டன் எடையே உள்ள, செல்களை நகரத் தூண்டும் சின்னஞ்சிறு புரதங்கள். மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி மிகுந்திருப்பதும், அதோடு இணையும் சிஎக்ஸ்சிஎல்12 புரதம் நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்களில் நிறைய இருப்பதும் 2001இல் வெளியாயின. அந்தப் புற்று வழக்கமாகப் பரவும் இடங்களும் இவைதாம். 'இழுப்பு' என்ற சொல் அன்று முதல் பரவலாகிவிட்டது. கருத்தில் குறையில்லை. அதை நிறுவ வரும் சோதனைகளில்தான் குறை.

ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் ராக் என்ற சிறு புரதம் முன்விளிம்பைத் தள்ளுகிறது. ரோ என்ற இன்னொரு புரதம் பின்பக்கத்தைச் சுருக்குகிறது. கீமோகைன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தாலும் ராக் விழித்துக்கொள்ளும். செல் வேகமாக ஊரும், ஆனால் திசையின்றி. ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால்தான் திசை பிறக்கிறது. முன்னது உசுப்பல், பின்னது இழுப்பு.

1962இல் பாய்டன் வடிவமைத்த இரட்டை அறைதான் இன்றும் வழக்கில் உள்ளது. 24 குழிப் பலகையில் 8 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வு. மேலே 100 மைக்ரோலிட்டரில் செல்கள், கீழே 600 மைக்ரோலிட்டரில் கீமோகைன். கீழ்ப்பக்கம் வந்தவை எண்ணப்படுகின்றன. வெறுமனே வேகம் கூடிய செல்லும் தற்செயலாகத் துளையில் நுழையும், எண்ணிக்கை உயரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சிக்மண்டும் ஹிர்ஷும் 1973இல் சதுரங்கக் கட்டம் போன்ற அமைப்பைத் தந்தார்கள்: மேலும் கீழும் பல செறிவுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. முழுக் கட்டமும் இயலாவிட்டால் நான்கு நிலைகளாவது வேண்டும்: எங்கும் இல்லை, கீழே மட்டும், மேலே மட்டும், இரண்டிலும். ஒவ்வொன்றுக்கும் மூன்று குழி என்றால் 12. ஒரு பலகையோடு பொதுவாக வரும் சவ்வுக் கிண்ணங்களும் 12தான். ஆகவே "செலவாகும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

'கீழே மட்டும்', 'இரண்டிலும்' இரண்டின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது உசுப்பல். இரண்டிலும் வைத்தபோது எண்ணிக்கை விழுந்தால் இழுப்பு என்று சொல்ல இடமுண்டு, ஆனால் முடிவாகிவிடாது. நிறையக் கீமோகைனில் மூழ்கிய செல் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்வதாலும் எண்ணிக்கை விழலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு செல்லின் பாதையையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு செறிவில் செய்த சோதனையையும் நம்ப வேண்டாம். செறிவைக் கூட்டக் கூட்ட நகர்வு ஏறி, உச்சம் தொட்டு, மறுபடி இறங்கும். மணி வடிவ வளைவு அது. ஏற்பிகள் எல்லாப் பக்கமும் நிரம்பிவிட்டால் செல்லுக்குத் திசை தெரியாது. 100 நானோகிராம்/மில்லிலிட்டரில் "விளைவு இல்லை" என்று வந்த புரதம் 10இல் நன்றாகவே வேலை செய்திருக்கலாம். 8 கிலோடால்டன் புரதத்துக்கு அந்த 100 என்பது 12.5 நானோமோலார், இரு அலகிலும் எழுதச் சொன்னால் பிறருடைய முடிவுகளோடு ஒப்பிடலாம்.

செய்முறைப் பகுதியில் சிறு விஷயங்கள் விடுபட்டால் முடிவே தலைகீழாகலாம். செல்களைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் என்ற நொதி மேற்பரப்பு ஏற்பிகளையும் நறுக்கிவிடலாம். புரதங்களை வெட்டாத இடிடிஏ மட்டும் பயன்பட்டதா, செல்கள் தேற நேரம் தரப்பட்டதா என்று கேளுங்கள். செல் வளர்ப்பில் சேர்க்கும் இரத்தச் சீரத்தில் டிபிபி4 என்ற நொதி உண்டு. அது சிஎக்ஸ்சிஎல்12இன் முனையில் இரண்டே அமினோ அமிலங்களை வெட்டும். அதோடு புரதத்தின் இழுக்கும் திறன் போய்விடும். மிகக் குறைந்த செறிவில் கீமோகைன் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீத அல்புமின் சேர்த்தால் அது குறையும். சவ்வின் அடியில் சிக்கும் காற்றுக்குமிழி இன்னொரு தொல்லை. குமிழி தொட்ட இடத்தில் கீமோகைன் மேலேறாது. சாயமிட்ட பிறகு அங்கே செல்லில்லாத வட்டம் ஒன்று தெரியும். அந்தக் குழியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செல் படலத்தில் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி மூடுவதைப் பார்க்கும் கீறல் சோதனை இந்தக் கேள்விக்குப் பயன்படாது. அதில் கீமோகைன் எங்கும் ஒரே செறிவில் இருப்பதால் திசை பற்றி எதுவும் தெரியவராது. நாளொன்றில் இரட்டிக்கும் செல் 24 மணி நேரத்தில் இடைவெளியை மூடினால், அது ஊர்ந்து வந்ததா பெருகி வந்ததா என்றும் சொல்ல முடியாது.

ஏற்பி இருப்பதற்கு ஆர்என்ஏ அளவை மட்டும் காட்டுவது போதாது. சிஎக்ஸ்சிஆர்4 செல்லுக்குள்ளேயே தங்கியும் இருக்கும். செல்லின் சவ்வைத் துளைக்காமல் செய்த ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை) படம் வேண்டும். கூடவே, ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜிஐ புரதத்தை முடக்கும் பெர்டூசிஸ் நச்சைக் கொடுத்தால் நகர்வு நிற்கிறதா என்ற முடிவும்.

கடைசியாக, வரைபடத்தில் 'கட்டுப்பாடு (கீமோகைன் இல்லாத நிலை) = 100' என்று மாற்றிய சதவீதங்களோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள். நான்கு நிலைகளிலும் ஒவ்வொரு குழியிலும் எத்தனை செல்கள் எண்ணப்பட்டன என்ற மூல எண்களைப் பின்னிணைப்பில் கேளுங்கள். சவ்விலிருந்து உதிர்ந்து குழியின் அடியில் கிடந்தவையும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல் நகர்வை ஆய்வு செய்வோர்