தெரியாதவர்களிடம் பழகாதே என்று சொல்லும் தில்லி மெட்ரோவுக்கு

மதிப்புக்குரிய தில்லி மெட்ரோ அதிகாரிகளுக்கு, குறிப்பாக ரயிலுக்குள் ஒலிக்கும் அறிவிப்புகளை எழுதித் தருகிறவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் முனிர்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். நீங்கள் எழுதுவதைப் பயணிகளில் பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை, இயர்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, கேட்டதை வீட்டில் சட்டமாக அமல்படுத்தும் பயணி ஒருத்தி இருக்கிறாள். என் மகள். வயது நாலரை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால், கதவுகள் இடது பக்கம் திறக்கும் என்று ஹிந்தியில் அறிவிப்பு வரும். பாத்ரூமுக்கு அடுத்த நிலையம் என்று பெயர். சமையலறை வாசலில், உங்கள் பிளாட்பாரத்தில் இருப்பது போலவே, மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு இருக்கிறது. அடுப்பு எரியும்போது அப்பா அதைத் தாண்டி வரக் கூடாது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை, நல்ல சாக்காகப் போய்விட்டது.

ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது, ரயிலில் ஆங்கில அறிவிப்பைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே" என்று யோசித்தார். உண்மைதான். ஹிந்திக்கு ஷம்மி நாரங், ஆங்கிலத்துக்கு ரினி சைமன் கன்னா. இரண்டு பேரும் தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர்கள். இதை நான் சொன்னதும் மகளுக்குத் தாங்கவில்லை.

"மெட்ரோ ஆன்ட்டி டிவியிலயும் வந்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"நியூஸ் சொன்னாங்க."

"எந்தப் பக்கம் கதவு திறக்கும்னா?"

பாட்டிக்கு ஹிந்தி தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பு வேலையைப் பேத்தியே எடுத்துக்கொண்டாள். கரோல் பாக் போகிற வழியில், ஹௌஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாற வேண்டிய நேரத்தில், "என்னடி சொல்றாங்க?" என்று பாட்டி கேட்டார்.

"ஹௌஸ் காஸ் வருதாம். பாட்டிங்க எல்லாம் கம்பியப் பிடிச்சுக்கணுமாம். இறங்கினதும் குழந்தைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரணுமாம்."

பாட்டி என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, இந்த ஊர்ல குழந்தைங்களை நல்லா கவனிச்சுக்கிறாங்க" என்றார். வாங்கியும் கொடுத்தார்.

நுழைவாயில் சோதனையையும் சொல்ல வேண்டும். மகளின் பொம்மையும் என் கைப்பையும் எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போயின. இவள் மறுபக்கம் ஓடிப்போய், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காவலரிடம் ஹிந்தியில் கேட்டாள்: "எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா?" எக்ஸ்ரே என்றால் அவளுக்கு அப்பாவின் முழங்கைக்கு எடுத்ததுதான் தெரியும். காவலர் சிரிக்கவே இல்லை. திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, பால் மட்டும் நிறைய குடிக்கச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து பொம்மைக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் பால் ஆற்றுகிறேன்.

சரி, மடலின் விஷயத்துக்கு வருகிறேன். தெரியாத நபர்களுடன் சிநேகம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு அறிவிப்பு உண்டல்லவா? அதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டில் விசாரணை நடக்கிறது.

"அம்மா, அப்பாவை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. பொண்ணு பார்க்க வந்தப்பதான் பார்த்தேன்."

"தெரியாதவங்க வீட்டுக்குள்ளேயே வந்துட்டாங்களா? தாத்தா என்ன பண்ணாரு?"

"பஜ்ஜி குடுத்தாரு."

"தெரியாதவங்களுக்கா!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், "சொஜ்ஜியும் குடுத்தாரு" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

வீட்டோடு முடிந்தால் பரவாயில்லை. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு மாமி குனிந்து, "பேர் என்னடி கண்ணு?" என்று கேட்டால், கைகட்டிக்கொண்டு, "நீங்க தெரியாதவங்க" என்கிறாள். மாமி விடவில்லை. "உங்க பாட்டியும் நானும் தினம் இதே படியிலதாண்டி உட்கார்ந்து பேசறோம்." அதற்கு இவள், "பாட்டிக்கு ஹிந்தி தெரியாது, அதான்" என்றாள். அறிவிப்பு புரிந்திருந்தால் பாட்டியும் பேசியிருக்க மாட்டார் என்று அர்த்தம்.

நீங்கள் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. மயக்க பிஸ்கட் கொடுத்துப் பயணிகளைச் சுருட்டுவது ரயில்களில் பழைய வித்தை. ஆனால் என்னைப் போல் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர்களுக்குத் தமிழ்ச் சிநேகம் கிடைத்ததே உங்கள் பெட்டிகளில்தான். ராஜீவ் சௌக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, "நீங்க தமிழா?" என்று யாராவது கேட்பார்கள். அப்புறம் நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும், டி.டி.இ.ஏ. (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும், வீட்டு வேலைக்கு யார் இருக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். இறங்குவதற்குள் போன் நம்பரும் கைமாறிவிடும்.

மகளும் இதற்கு ஒரு விலக்கு கண்டுபிடித்திருக்கிறாள்: தமிழ் பேசினால் தெரிந்தவர். போன மாதம் ஒருவர், சுற்றிலும் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், போனில் தன் மேனேஜரைத் தமிழில் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தார். இவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், நாங்களும் தமிழ்தான்!" என்றாள். அவர் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய நிலையம்தானா என்பது சந்தேகம்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. அந்த அறிவிப்பை எடுக்க வேண்டாம். அதன் பின்னால் ஒரு வரி சேருங்கள்: அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் பெயரைச் சொல்லலாம், சிரிக்கலாம், ஆனால் தருவதை வாங்கித் தின்னக் கூடாது. இதையே நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "மெட்ரோ ஆன்ட்டி அப்படிச் சொல்லலியே" என்று ஒரே பதில். அதனால் அதே குரலில் வந்தால்தான் செல்லுபடியாகும். முடிந்தால், வீட்டில் அம்மா கூப்பிட்டால் முதல் தடவையிலேயே வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாதுகாப்பு அறிவிப்புகளோடு ஒட்டாதுதான், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இப்படிக்கு,
முனிர்காவிலிருந்து ஒரு அம்மா

பின்குறிப்பு: 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் டிக்கெட் இல்லை என்பது உங்கள் விதி. மகள் அந்த உயரத்தைத் தாண்டி நாளாயிற்று, தனி டிக்கெட்டைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டு போகிறாள். வயதாக ஆகக் குள்ளமாகிக்கொண்டே போகிறேன் என்று பாட்டி சொன்னதைக் கேட்டதிலிருந்து, பாட்டிக்கு எப்போது இலவசம் என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறாள்.