மாதக்கணக்கில் போகாத கண் சிவப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்ராஸ் ஐ பரவினால் எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன, நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் போகாத கண் சிவப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்பதுதான் என் வருத்தம். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். 4 வாரம் தாண்டியும் அரிப்பு, உறுத்தல், காலையில் பீளை என்று இருந்தால் காரணம் வேறாக இருக்கும்: தூசி ஒவ்வாமை, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொள்வது, காண்டாக்ட் லென்ஸ், சில சமயம் விடாமல் ஊற்றும் சொட்டு மருந்தே கூட.

என் மகனுக்கு 9 வயது. வெயில் தொடங்கினால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து உடனே சிவப்பை எடுத்துவிட்டது, அதனால் ஒவ்வொரு தடவையும் அதையே வாங்கினோம், இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. அப்புறம் கண் மருத்துவரிடம் போனபோதுதான் அதில் ஸ்டீராய்டு இருப்பதும், அதனால் பையனின் கண் அழுத்தம் ஏறியிருப்பதும் தெரிந்தது. வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடிய விஷயம் இது. நினைத்தால் இன்னும் பதறுகிறது.

இப்போது ஒவ்வாமைக்கான வேறு மருந்து, குளிர்ந்த நீர் ஒத்தடம். கசக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பிப்போகலாமாம். இமை அடைப்பு உள்ளவர்களுக்கோ வெந்நீர் ஒத்தடம்தான். காரணம் தெரியாமல் எதைச் செய்வது?

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கடைகளில் அதைச் சோதிக்கச் சொல்லி நீங்கள் தொடர்ந்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை