எட்டுக் குரலில் வந்த பதில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியையும், பேரனுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுப்பதையும் எழுதியிருந்தாய். படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய இரண்டு வரிகள் மனத்தில் தைத்துவிட்டன: “இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. சுருதிப்பெட்டியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. யாருக்குப் பாடுவது?” அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது நன்றாகத் தெரிகிறது. சில நாட்கள் படிக்கக் கூடாது என்றதால், மகள் தன் கைப்பேசியில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் பாடல்களைப் போட்டுக்கொடுத்தாள். அதில் வில்லியம் பேர்ட் என்ற ஆங்கிலேயரிடம் சிக்கிக்கொண்டேன். பதினாறாம் நூற்றாண்டில், முதலாம் எலிசபெத் ராணியின் அரண்மனைத் தேவாலயத்தில் பாடகராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்தவர்.

முதல் இரண்டு நாட்கள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நம் காது ஒரு குரலையும் அதன் பின்னால் நிற்கும் சுருதியையும் கேட்டுப் பழகியது. இங்கே ஒரு குரல் ஒரு சொல்லைத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் இன்னொன்று அதே சொல்லோடு உள்ளே வருகிறது, பிறகு மற்றொன்று. யார் பாடகர், யார் பக்கப்பாட்டு என்ற பேச்சே இல்லை. மூன்றாம் நாள், நடுவே ஓடிய ஒரே ஒரு குரலை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன். மற்றவை அதைச் சுற்றித் தாமாகவே இடம் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்துப் பாடகர்களும் ஏறக்குறைய அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குரலுக்கு மட்டுமான தனிப் புத்தகம் இருக்கும். அடுத்தவர் பாடுவது அதில் இருக்காது. இன்றைய மேற்கத்திய இசைத்தாளில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் குறுக்குக் கோடுகளும் கிடையாது. மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, மற்றவர்களைக் காதால் கேட்டுத்தான் சேர்ந்து பாட வேண்டும்.

பேர்ட் கத்தோலிக்கர். நாடோ புராட்டஸ்டண்ட் ஆகிவிட்டது. லத்தீன் பூசை சட்டவிரோதம். அரசின் தேவாலயத்துக்குப் போகாதவர்களுக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் என்று 1581இல் சட்டம் வந்தது. பெரிய பண்ணைக்காரரையே முறித்துவிடும் தொகை அது. பேர்டின் மனைவி ஜூலியனின் பெயர் 1577இலேயே அப்படிப் போகாதவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது. ராணியோ பேர்டின் இசையை மதித்தாள். அவருக்கும் அவரைவிட மூத்த இசைஞரான தாமஸ் டாலிஸுக்கும் இசைப் புத்தகம் அச்சிடும் தனியுரிமையை 1575இல் 21 ஆண்டுகளுக்குக் கொடுத்தவள் அவள்தான். அரண்மனையில் சம்பளம், வீட்டில் விலக்கப்பட்ட வழிபாடு. அந்த மனிதர் எப்படித் தூங்கினார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மத்திய ஐரோப்பாவில், ஹாப்ஸ்பர்க் பேரரசரின் இசைக்குழுத் தலைவராக பிலிப் டி மோன்டே என்பவர் இருந்தார். பேர்ட் சிறுவனாக இருந்தபோது, ஸ்பெயின் இளவரசரின் பாடகர் குழுவோடு இங்கிலாந்துக்கு வந்துபோனவர். அவர் 1583இல் பேர்டுக்கு எட்டுக் குரல்களுக்கான ஒரு பாடலை அனுப்பினார், மறு ஆண்டு பேர்ட் பதில் அனுப்பினார் என்று 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் குறிப்பு இருக்கிறது. டி மோன்டே எடுத்துக்கொண்டது பைபிளின் 137ஆம் சங்கீதம்; பாபிலோன் ஆற்றங்கரையில் சிறைப்பட்ட யூதர்கள் ஊரை நினைத்து அழும் பாட்டு. அவர் வரிகளின் வரிசையை மாற்றிவிட்டார். சங்கீதத்தில் முன்னால் வருகிற ‘எங்கள் கின்னரங்களை அலரி மரத்தில் தொங்கவிட்டோம்’ என்ற வரியை (கின்னரம் யாழ் போன்ற நரம்புக் கருவி) கடைசிக்குக் கொண்டுபோய், அதிலேயே பாட்டை முடிக்கிறார். கின்னரம் தொங்குகிறது, பாட்டு நின்றுவிடுகிறது.

பேர்டும் எட்டுக் குரல்களில்தான் பதில் எழுதினார். ‘அந்நிய தேசத்தில் ஆண்டவரின் பாட்டை எப்படிப் பாடுவோம்?’ என்ற கேள்வியில் தொடங்குகிறார். அங்கே நிற்கவில்லை. எருசலேமே, நான் உன்னை மறந்தால் என் வலது கை தன் தொழிலை மறக்கட்டும், என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளட்டும் என்ற வரிகளுக்குப் போகிறார். ஆர்கன் வாசிப்பவனின் வலது கை, பாடகனின் நாக்கு! தன்னிடம் இருந்த இரண்டையும் பணயம் வைக்கிறார். எட்டுக் குரல்களில் மூன்று ஒரே மெட்டைத்தான் பாடுகின்றன, அதில் ஒன்று தலைகீழாக. மற்றவர் ஏறும் இடத்தில் அது இறங்குகிறது. இத்தனை கட்டுக்கோப்பு உள்ளே இருந்தும், கேட்கும்போது கணக்கு எதுவும் தெரிவதில்லை, ஏக்கம்தான் தெரிகிறது. எப்படிப் பாடுவது என்று கேட்டுக்கொண்டே அவர் பாடிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1590களில் மூன்று பூசை இசைகளை அச்சிட்டார். முகப்புப் பக்கம் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. லண்டன் பக்கத்தை விட்டு எசெக்ஸில் ஸ்டாண்டன் மாஸி என்ற கிராமத்தில் குடியேறினார். அருகில் பீட்டர் என்ற கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்தின் மாளிகை இருந்தது, அங்கே மறைவில் பூசை நடந்தது. 1605இல் அவருடைய பாடல் புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததற்காக ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிடித்து நியூகேட் சிறையில் போட்டார்கள். பேர்ட் 1607இல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். 1623 வரை, எண்பதைத் தாண்டி வாழ்ந்தார்.

நண்பா, உன் நிலையும் அவர் நிலையும் ஒன்றல்ல. உன்னை யாரும் தடுக்கவில்லை, கேட்க ஆள் இல்லை என்பதுதான் உன் குறை. கேட்க நான் இருக்கிறேன். கல்லூரி விடுதி மொட்டைமாடியில், மின்சாரம் போன இரவுகளில் நீ பாடிய தேவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுருதிப்பெட்டியை எடு. ஒரு பதிகத்தைப் பாடிப் பதிவு செய்து அனுப்பு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், பேரன் நடுவில் வந்து கூச்சலிட்டால் அதுவும் இருக்கட்டும். நான் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். வந்தால் அன்று முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்